தளபதிகளின் இரண்டாவது சம்பளம்

ஆறு ஆண்டு சிறை! அமெரிக்கக் கடற்படையின் நான்கு நட்சத்திர அட்மிரல் ராபர்ட் பர்க்குக்கு 2025 செப்டம்பரில் வாஷிங்டன் கோர்ட் விதித்த தண்டனை இது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய இரண்டு கண்டங்களிலும் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய பெரிய மனிதர் அவர். செய்த காரியம் என்ன? பதவியில் இருக்கும்போதே ஒரு பயிற்சிக் கம்பெனியின் முதலாளிகளோடு உட்கார்ந்து பேசினார். 3,55,000 டாலர் காண்டிராக்ட் ஒன்றை அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கும்படி தமக்குக் கீழே இருந்தவர்களுக்கு உத்தரவு போட்டார். 2022-ல் பதவியை விட்டு இறங்கினார். இறங்கியதும் அதே கம்பெனியில் உத்தியோகம்! சம்பளம் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர். போதாததற்குக் கம்பெனிப் பங்குகளை வாங்கிக்கொள்ளும் உரிமை வேறு. 2025 மே மாதம் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள்.

அமெரிக்காவில் அட்மிரலானாலும் சட்டம் விடாது, பாருங்கள் என்று மார்தட்டுகிற கனவான்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு சின்னக் கணக்குக் கேட்கிறோம். லாக்ஹீட் மார்ட்டின் என்ற ஒரே ஆயுதக் கம்பெனி 2020 முதல் 2024 வரை அமெரிக்க ராணுவ இலாகாவிடமிருந்து பெற்ற காண்டிராக்டுகள் சுமார் 31,300 கோடி டாலர். ஐந்து வருஷத்தை நிமிஷமாக்கி வகுத்துப் பாருங்கள். பர்க் கொடுத்த காண்டிராக்ட் தொகை லாக்ஹீட் கம்பெனிக்கு மூன்று நிமிஷ வரும்படி! மூன்று நிமிஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் சிறைத் தண்டனை வாங்கினான். வருஷக்கணக்குக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

டைரக்டர் போர்டில் இருக்கிறார்கள். சட்டப்படி இருக்கிறார்கள். நாம் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

ஜோசப் டன்போர்டு என்ற ஜெனரலை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலையில் அவர் மரீன் படையின் தலைவர். லாக்ஹீட் கம்பெனி செய்த எப்-35 போர் விமானத்தில் மரீன்களுக்கான ரகம் சண்டைக்குத் தயார் என்று அறிவித்தவர் அவர்தான். அதே வருஷம் கப்பலில் வைத்து அந்த விமானத்துக்கு நடந்த சோதனை சரியான சோதனையே அல்ல என்று பென்டகனின் சொந்தப் பரிசோதனை அதிகாரியே எழுதி வைத்திருந்தார். டன்போர்டு பிறகு முப்படைகளின் கூட்டுத் தலைவரானார். 2019 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். 2020 பிப்ரவரியில் லாக்ஹீட் கம்பெனியின் டைரக்டர் ஆனார். இடையில் ஐந்தே மாதம்.

அவர் முன்கூட்டி விலை பேசினார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. அவர் எந்த விதியையும் மீறியதாக யாரும் வழக்குப் போடவும் இல்லை. விலை பேச வேண்டிய அவசியமே இல்லாதபடி ஏற்பாடு இருக்கும்போது எதற்குப் பேச வேண்டும்? தனக்கு முன்னால் ஓய்வு பெற்றவன் எந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான் என்பது ஒவ்வொரு ஜெனரலுக்கும் தெரியும். கம்பெனியை முறைத்துக்கொண்டவனுக்கு நாற்காலி இல்லை என்பதும் தெரியும். பர்க் செய்த முட்டாள்தனம், மற்றவர்கள் வாய் திறக்காமல் முடித்துக்கொள்வதை வாய் திறந்து பேசியதுதான்.

ஜேம்ஸ் மாட்டிஸ் என்ற ஜெனரல் 2013-ல் ஓய்வு பெற்றார். அந்த வருஷமே ஜெனரல் டைனமிக்ஸ் என்ற டாங்கி, நீர்மூழ்கிக் கப்பல் கம்பெனியின் டைரக்டர். 2017-ல் அங்கிருந்து கிளம்பி நாட்டின் ராணுவ மந்திரி. 2019-ன் தொடக்கத்தில் மந்திரி பதவி போயிற்று. ஆகஸ்டில் மறுபடியும் ஜெனரல் டைனமிக்ஸ். லாயிட் ஆஸ்டின் என்ற ஜெனரல் 2016-ல் ஓய்வு பெற்று ஆயுதக் கம்பெனி டைரக்டரானார். அது ரேதியான் கம்பெனியோடு இணைந்தபோது அங்கேயும் டைரக்டர். 2021-ல் அவரும் ராணுவ மந்திரி. ஒருவரை வைத்தது குடியரசுக் கட்சி, மற்றவரை வைத்தது ஜனநாயகக் கட்சி. சண்டை போட்டுக்கொள்கிற இரண்டு கட்சிகளும் இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி.

ராணுவத்தில் இருந்தவர் உடனே ராணுவ மந்திரி ஆகக்கூடாது, பத்தாண்டு இடைவெளி வேண்டும் என்று 1947-ல் அவர்களே சட்டம் செய்தார்கள். 1950-ல் மார்ஷல் என்ற ஜெனரலுக்காக விலக்குக் கொடுத்தார்கள். பின்னால் பத்தை ஏழாகக் குறைத்தார்கள். அந்த ஏழும் பொறுக்காமல் 2017-ல் மாட்டிஸுக்கு ஒரு விலக்கு, 2021-ல் ஆஸ்டினுக்கு ஒரு விலக்கு. வேலி கட்டினவனே கடவு திறந்துவிட்டால் ஆடு என்ன செய்யும், பயிர் என்ன செய்யும்?

இது நேற்று முளைத்த களை அல்ல. 1959-ல் அமெரிக்கக் காங்கிரஸில் ஹீபர்ட் என்ற உறுப்பினர் தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. 100 பெரிய ஆயுதக் கம்பெனிகளில் மேஜர் அந்தஸ்துக்குக் குறையாத ஓய்வு பெற்ற அதிகாரிகள் 1,400 பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், அவர்களில் 261 பேர் ஜெனரல்களும் அட்மிரல்களும் என்று அந்தக் கமிட்டி கண்டது. முதல் இடம் யாருக்கு? ஜெனரல் டைனமிக்ஸ் கம்பெனிக்கு. ஆம், அறுபது வருஷம் கழித்து மாட்டிஸ் திரும்பிப் போய் உட்கார்ந்த அதே கம்பெனிதான்! இன்னொரு வேடிக்கையும் அந்த விசாரணையில் வெளிவந்தது. மார்ட்டின் என்ற ஏவுகணைக் கம்பெனியின் தலைவர், பதவியிலிருந்த ராணுவ அதிகாரிகள் இருபது பேருக்கு மேல் பஹாமாஸ் தீவிலுள்ள உல்லாச விடுதிக்கு விருந்தாளியாக அழைத்துப் போயிருக்கிறார். கேட்டபோது அவர் மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. நம் ஊரில் பொங்கலுக்கு மேஸ்திரி வீட்டுக்கு ஒரு தார் வாழைப்பழம் போனால் அது லஞ்சம். ஜெனரல் தீவுக்குப் போனால் அது நட்பு!

1961 ஜனவரி 17-ந் தேதி பதவியை விட்டுப் போகிற ஜனாதிபதி ஐஸனோவர், ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்து வளர்ந்திருக்கும் சக்தியைப் பற்றி நாட்டை எச்சரித்தார். அவரும் ஒரு ஐந்து நட்சத்திர ஜெனரல்தான். எட்டு வருஷம் அதிகாரத்தில் இருந்துவிட்டு, மூட்டை கட்டுகிறபோது எச்சரித்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த எச்சரிக்கைக்கு என்ன பலன்? 1969-ல் பிராக்ஸ்மயர் என்ற செனட்டர் கணக்கெடுத்தார். இம்முறை மேஜர்களை விட்டுவிட்டு, கர்னலும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எண்ணினார். 100 பெரிய கம்பெனிகளில் 2,072 பேர்! லாக்ஹீட் ஒன்றில் மட்டும் 210 பேர். வியத்நாமில் விவசாயிகளின் குடிசைகள் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை என்பதை நினைவில் வையுங்கள். குண்டு போட உத்தரவிட்டவன் ஓய்வு பெற்று, குண்டு விற்கிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

இப்போது? அரசாங்கத்தின் சொந்தக் கணக்குத் தணிக்கை அலுவலகமே 2021-ல் சொல்லியிருக்கிறது: 2019-ல் 14 பெரிய ஆயுதக் கம்பெனிகளில், பென்டகனில் மேல்பதவியிலோ கொள்முதல் பொறுப்பிலோ இருந்து அண்மையில் வெளியேறிய அதிகாரிகள் 1,718 பேர். 2018 ஜூனுக்குப் பிறகு ஐந்து வருஷத்தில் ஓய்வு பெற்ற நான்கு நட்சத்திர ஜெனரல்கள், அட்மிரல்கள் 32 பேர். அவர்களில் 26 பேர் ஏதோ ஒரு வகையில் ஆயுதத் தொழிலுக்குள் போய்விட்டார்கள் என்று 2023-ல் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் கணக்குக் கொடுத்தது. நூற்றுக்கு எண்பது! நம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு எண்பது பேர் தேறினால் வாத்தியாருக்கு மாலை போடுவோம்.

சரி, விதிகளே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, தோழர்களே. கத்தை கத்தையாக உண்டு. அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சட்டம் என்றால் வக்கீல்களின் சமாசாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள்; மில்லில் ஸ்டாண்டிங் ஆர்டர் படித்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல.

முதல் விதி: ஒரு குறிப்பிட்ட காண்டிராக்டில் நேரடியாகக் கை வைத்த அதிகாரி, அதே காண்டிராக்டுக்காகக் கம்பெனியின் சார்பில் சர்க்காரிடம் வந்து பேசக்கூடாது. ஆயுள் முழுவதும் கூடாது. கேட்க எவ்வளவு கடுமையாக இருக்கிறது! ஆனால் தடை, பேசுவதற்குத்தான். சம்பளம் வாங்குவதற்கு அல்ல. கம்பெனியின் உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, யாரைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும், எதைச் சொன்னால் அவர் மசிவார் என்று சொல்லிக்கொடுத்தால் இந்த விதி தொடாது. வாசலில் நிற்கிறவன் வேறு ஆளாக இருந்தால் போதும்.

இரண்டாவது விதி: 1 கோடி டாலருக்கு மேற்பட்ட காண்டிராக்டைக் கையாண்ட கொள்முதல் அதிகாரி ஒரு வருஷத்துக்கு அந்தக் கம்பெனியில் காசு வாங்கக்கூடாது. இதுவாவது உருப்படியா? அடுத்த வரியைப் படியுங்கள். அதே கம்பெனியின் வேறொரு பிரிவு, அந்தச் சரக்கையோ அதைப் போன்ற சரக்கையோ செய்யாத பிரிவு, வேலை கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமாம்! பஞ்சு கொள்முதல் செய்கிற அதிகாரி ஒரு வியாபாரியிடம் மட்டப் பஞ்சை உயர்ந்த விலைக்கு வாங்குகிறார். மறுமாதம் அந்த வியாபாரியின் பருத்திக்கொட்டை மண்டியில் மானேஜராகிறார். பஞ்சு மண்டிக்குப் போகவில்லையே, கொட்டை மண்டிக்குத்தானே போனேன் என்கிறார். நூற்புக்கூடத்தில் இழை அறுந்து அறுந்து, முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் தேய்ந்த பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவள் என்ன பதில் சொல்வாள் என்பதை இங்கே அச்சடிக்க முடியாது.

மூன்றாவது விதி: ஜெனரல்கள் ஒரு வருஷத்துக்குத் தம் பழைய இலாகாவை அணுகிக் கம்பெனிக்காகப் பேசக்கூடாது. இதில் தரைப்படை ஒரு இலாகா, கடற்படை ஒரு இலாகா, விமானப்படை ஒரு இலாகா என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தரைப்படை ஜெனரல் கடற்படைக் கதவைத் தட்டினால் இந்த விதிக்குக் கண் தெரியாது. இந்த ஓட்டை மிகவும் நாறிப்போனதால் 2017 கடைசியில் இன்னொரு விதி செய்தார்கள்: மூன்று, நான்கு நட்சத்திரக்காரர்கள் இரண்டு வருஷமும், ஒன்று, இரண்டு நட்சத்திரக்காரர்கள் ஒரு வருஷமும் பென்டகன் மேலதிகாரிகளிடம் கம்பெனிக்காகப் பரிந்து பேசக்கூடாது, திரைமறைவிலும் உதவக்கூடாது. இது முன்னவற்றைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் டைரக்டர் நாற்காலியை இதுவும் தொடவில்லை. டன்போர்டு ஐந்தாம் மாதத்தில் லாக்ஹீடுக்குப் போனது இந்த விதி வந்த பிறகுதான்.

ஆக, இந்த விதிகள் எதைத் தடுக்கின்றன? அவசரத்தைத் தடுக்கின்றன. எழுத்தில் மாட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. எப்படிப் போனால் குற்றம், எப்படிப் போனால் குற்றமில்லை என்று வழிகாட்டி மரம் நட்டு வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, ஓய்வு பெறுகிற அதிகாரிக்கு எந்த வேலை பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று சர்க்கார் வக்கீலே எழுதிக் கொடுக்கவும் 2008 முதல் ஏற்பாடு.

விதியை மீறினால் என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. டார்லீன் டிரூயன் என்ற அம்மாள் ராணுவ உடை போட்டவர் அல்ல. ஆனால் விமானப்படையின் கொள்முதல் முழுவதும் அவர் கையில் இருந்தது. போயிங் கம்பெனியிடமிருந்து 100 எரிபொருள் விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கும் பேரத்தை அவர்தான் நடத்தினார். பேரம் நடக்கும்போதே 2002 அக்டோபரில் அதே கம்பெனியின் நிதி அதிகாரியைச் சந்தித்துத் தமக்கு வேலை பேசினார். அவருடைய மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏற்கெனவே அங்கேதான் வேலை. 2003 ஜனவரியில் போயிங்கில் சேர்ந்தார்; சம்பளம் 2,50,000 டாலர். விமானங்களுக்கு நியாயத்துக்கு மேல் விலை ஒப்புக்கொண்டது, தாம் போகப்போகிற கம்பெனிக்குத் தந்த பிரிவுப் பரிசு என்று கடைசியில் அவரே கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். ஒன்பது மாதம் சிறை. நிதி அதிகாரிக்கு நான்கு மாதம். 2006-ல் போயிங் கம்பெனி 61 கோடியே 50 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. கதை முடியவில்லை. 2011-ல் எரிபொருள் விமானக் காண்டிராக்டை மறுபடி கொடுத்தார்கள். யாருக்கு? போயிங்குக்கு! 179 விமானம். மில்லில் ஒரு கண்டு நூல் திருடியதாகப் பிடிபட்ட தொழிலாளியை எந்த முதலாளியாவது பத்து வருஷத்துக்குள் ஸ்டோர் சாவியைக் கொடுத்துக் கூப்பிட்டதுண்டா?

இவர்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். முப்பது, நாற்பது வருஷ அனுபவம் வீணாகலாமா? நாட்டுக்காக உழைத்தவன் ஓய்வுக்குப் பின் பிழைக்க வேண்டாமா? நியாயமான வாதம்போலத்தான் இருக்கிறது. முதலில் பிழைப்பைப் பார்ப்போம். நாற்பதாண்டு சேவை முடித்து இப்போது ஓய்வு பெறும் நான்கு நட்சத்திர ஜெனரலுக்குப் பென்ஷன் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். அதே நாட்டில் சட்டப்படியான தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர். 2009-லிருந்து ஒரு காசு ஏறவில்லை. வருஷம் முழுவதும் லீவு எடுக்காமல் உழைத்தால் 15,000 டாலர். பதின்மூன்று கூலிக்காரர்களின் வருஷ உழைப்பு பென்ஷனாகக் கையில் இருப்பவனுக்குப் பிழைக்க வழியில்லையாம்!

பிறகு அனுபவம். 2018-ல் 20 பெரிய ஆயுதக் கம்பெனிகள் முன்னாள் தளபதிகள், உயர் அதிகாரிகள், காங்கிரஸ் உறுப்பினர்கள் போன்றவர்களை வேலைக்கு வைத்ததில் 645 சம்பவங்களை ஒரு பொதுநலக் குழு எடுத்துக்காட்டியது. அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்த வேலை என்ன? விமானத்துக்கு இறக்கை வரைந்தார்களா? பீரங்கிக் குழாய் கடைந்தார்களா? இல்லை. சர்க்காரிடம் பரிந்து பேசுகிற தரகு வேலை! கம்பெனி வாங்கியது அனுபவத்தை அல்ல, அறிமுகத்தை. நேற்று வரை சல்யூட் அடித்தவன் இன்று எதிரில் உட்கார்ந்து விலை பேசும்போது அவனால் நிமிர்ந்து பேச முடியுமா? அதற்குத்தான் சம்பளம்.

ஓய்வு பெற்ற சாதாரணச் சிப்பாய் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. பதினேழு வருஷம் பனியிலும் வெயிலிலும் நின்றுவிட்டு வந்து, பாங்கு வாசலில் துப்பாக்கி பிடித்து நிற்கிறவரும், பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடிக்கிறவரும் நம்மைச் சேர்ந்தவர்களே. அவர்கள் விற்பது உழைப்பை. ஜெனரல் விற்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பதவியை.

இந்த இரண்டாவது சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்? கம்பெனி கொடுப்பதாகத் தோன்றும். கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 2020 முதல் 2024 வரை பென்டகன் தனியார் கம்பெனிகளுக்குக் கொடுத்த காண்டிராக்டுகள் 2 லட்சத்து 40 ஆயிரம் கோடி டாலர். அதில் ஐந்தே கம்பெனிகள் அள்ளியது 77,100 கோடி. அந்த எப்-35 விமானத்துக்கு, ஆயுள் முடிய ஆகும் மொத்தச் செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டும் என்று அரசாங்கத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. எல்லாம் வரிப்பணம், அமெரிக்கத் தொழிலாளியின் ரொட்டியிலிருந்து நறுக்கி எடுத்தது. 2025 செப்டம்பரில் அவர்கள் தங்கள் பாதுகாப்பு இலாகாவுக்கு யுத்த இலாகா என்றே இன்னொரு பெயரையும் சூட்டிக்கொண்டார்கள். அந்த மட்டில் உண்மையைச் சொன்னார்கள்.

நமக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். அரக்கோணம் பக்கம் போனால் ராஜாளி கடற்படை விமான தளம் இருக்கிறது. அங்கே வந்து இறங்குகிற பி-8ஐ விமானங்கள் போயிங் கம்பெனியுடையவை. முதல் எட்டு விமானங்களுக்கு 2009-ல் சுமார் 210 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆயிற்று. 2024 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து 31 ஆளில்லா விமானங்களை வாங்கவும் இந்திய சர்க்கார் ஒப்பந்தம் போட்டது. அங்கே ஜெனரலின் சம்பளம் ஏறினால், இங்கே நாம் வாங்குகிற தீப்பெட்டி, சோப்பு, துணி மேல் போடுகிற வரியும் அந்தக் கணக்கில் போய்ச் சேருகிறது.

நம் நாட்டிலும் ஓய்வு பெற்ற படை அதிகாரி குறிப்பிட்ட காலத்துக்குள் கம்பெனி வேலைக்குப் போக வேண்டுமானால் சர்க்காரின் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2001-ல் பத்திரிகைக்காரர்கள் ஆயுத வியாபாரிகளாக வேஷம் போட்டுப் போனபோது, பதவியில் இருந்த அதிகாரிகளும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் காமிரா முன்னால் எப்படிப் பேசினார்கள் என்பதை நாடு முழுவதும் பார்த்தது. ஆயுதத் தொழிலில் தனியார் முதலாளிகளை ரத்தினக் கம்பளம் விரித்து அழைக்கிற காலம் இது. அனுமதி யாருக்குக் கொடுத்தார்கள், எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் பாராளுமன்றத்தில் வருஷா வருஷம் வைக்கட்டும். ஆயுதம் வாங்கிய கையெழுத்தில் பங்கு உள்ள எவரும், ஆயுதம் விற்கிற எந்தக் கம்பெனியிலும், எந்தப் பிரிவிலும், டைரக்டராகவோ ஆலோசகராகவோ கால் வைக்கக்கூடாது என்று சட்டம் வரட்டும். ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்ற பேச்சே வேண்டாம். பென்ஷன் இருக்கிறது, அது போதும்.

நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். அமெரிக்காவிலேயே கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1959-ல் சாண்டாஞ்சலோ என்ற நியூயார்க் உறுப்பினர், ஓய்வு பெற்று ஐந்தாண்டு ஆகாத ஜெனரலை வைத்திருக்கும் கம்பெனிக்குக் காண்டிராக்ட் பணம் கிடையாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தோற்கடித்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் விசாரணைக் கமிட்டி வைத்தார்கள். 2019-ல் எலிசபெத் வாரன் என்ற செனட்டர், பெரிய ஆயுதக் கம்பெனிகள் நான்காண்டுக்கு ஜெனரல்களை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். அறுபது வருஷத்தில் ஐந்து நான்காகக் குறைந்திருந்தது. அதையும் நிறைவேற்றவில்லை. அந்த மசோதா வந்து மூன்று மாதம் கழித்துத்தான் மாட்டிஸ் தம் பழைய நாற்காலிக்குத் திரும்பினார்.